முரட்டுப் பிள்ளை தனியாள் இல்லை: பள்ளி ஒழுங்குக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளில் ஒழுங்குப் புகார்களை விசாரிக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் பிரதிநிதிகளுக்கும், வணக்கம்.

அடிதடி, மிரட்டல், கேலி என்று ஒரு புகார் உங்கள் மேசைக்கு வந்தால் அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடித்த பிள்ளையைக் கூப்பிடுவீர்கள். அடிவாங்கிய பிள்ளையைக் கூப்பிடுவீர்கள். இரண்டு வீட்டாரும் வருவார்கள். முதலில் கை ஓங்கியது யார் என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். கடைசியில் ஒரு மன்னிப்புக் கடிதம், சில நாள் சஸ்பென்ஷன், கோப்பு மூடப்படும். பள்ளி ஆலோசகராக வேலை பார்க்கும் நான் அந்த அறையின் ஓரத்தில் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறைக்குக் கூப்பிடப்படாதவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு பிள்ளையின் முரட்டுத்தனத்துக்குக் காரணத்தை அந்தப் பிள்ளைக்குள் மட்டும் தேடாதீர்கள். யாரோடு சேர்ந்து திரிகிறது, யாரெல்லாம் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை, யார் பார்க்க வேண்டும் என்று இதைச் செய்தது என்பதை முதலில் விசாரியுங்கள். தண்டனையை அப்புறம் பேசலாம்.

இடைவேளை நேரத்தில் மைதானத்தின் ஓரமாக நின்று கவனித்துப் பாருங்கள். ஒருவன் இன்னொருவனின் பையைப் பிடுங்கப் போகிறான். கை நீளுவதற்குச் சற்று முன்னால் அவன் கண் பைக்காரன் மேல் இருக்காது. பக்கத்தில் சுவரில் சாய்ந்து நிற்கும் இரண்டு மூன்று பேர் பக்கம் ஒரு தடவை போய் வரும். அவர்களில் ஒருவன் சிரித்துவிட்டால் போதும், பை தலைக்கு மேலே பறக்கும், அடுத்தவன் பிடிப்பான், விளையாட்டு களைகட்டும். அவர்கள் கண்டுகொள்ளாமல் தங்கள் பேச்சைத் தொடர்ந்தால், பெரும்பாலும் பை உடனே பைக்காரனிடமே திரும்பிப் போய்விடும். உங்கள் விசாரணை அறைக்கு வருகிறவர்கள் பைக்காரனும் பிடுங்கியவனும் மட்டும்தான். சிரித்தவன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

இது வெறும் ஊகமில்லை. கனடாவில் லின் ஹாக்கின்ஸ், டெப்ரா பெப்லர், வெண்டி கிரெய்க் ஆகிய ஆய்வாளர்கள் டொரான்டோவின் தொடக்கப் பள்ளி மைதானங்களில் பிள்ளைகளுக்குச் சிறு மைக் மாட்டி, தூரத்திலிருந்து வீடியோ எடுத்து ஆராய்ந்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில், வம்பு நடந்த தருணங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்களில் யாராவது குறுக்கே புகுந்தது 19 சதவீதத்தில்தான். ஆனால் அப்படிப் புகுந்தபோதெல்லாம் என்ன ஆனது என்று பாருங்கள்: 57 சதவீதத் தடவை பத்து நொடிக்குள் வம்பு அடங்கிவிட்டது. எந்த ஆசிரியரும் பத்து நொடியில் அந்த இடத்துக்கு ஓடிவந்துவிட முடியாது. இதே குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சுற்றி நின்று பார்ப்பவர்கள் கூடக் கூட வம்பு நீண்டுகொண்டே போனது.

பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவாலியும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் இதற்கு ஒரு ஒழுங்கான வரைபடமே போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வம்பில் இரண்டு பேர் இல்லை, ஆறு வகை ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்கள்: வம்பு செய்பவர், அவருக்குக் கைகொடுப்பவர், சிரித்தும் கத்தியும் ஏற்றிவிடுபவர், எதிலும் சேராமல் ஒதுங்குபவர், பாதிக்கப்பட்டவரின் பக்கம் நிற்பவர், பாதிக்கப்பட்டவர். உங்கள் புகார்ப் படிவத்தில் இந்த ஆறில் இரண்டுக்குத்தான் இடம் இருக்கிறது.

அடுத்து, நம் எல்லோரிடமும் ஊறிப்போன ஒரு நம்பிக்கை. முரட்டுப் பிள்ளையை யாருக்கும் பிடிக்காது, அதனால் அதற்கு நண்பர்களே இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் வட கரோலினாவில் ராபர்ட் கெய்ர்ன்ஸும் அவருடைய குழுவும் நான்காம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: உங்கள் வகுப்பில் யார் யாரோடு சேர்ந்து திரிகிறார்கள்? அந்தப் பதில்களை ஒன்றாகக் கோத்து வகுப்பின் செட்டுகளை வரைந்தார்கள். 1988இல் வந்த முடிவு பலரையும் யோசிக்க வைத்தது. மிக முரடான பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே ஏதோ ஒரு செட்டுக்குள் இருந்தார்கள். நெருங்கிய நண்பர் என்று அவர்கள் பெயரைச் சொன்னவர்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. மொத்த வகுப்பில் அவர்களைப் பிடித்தவர்கள் குறைவுதான், அது உண்மை. ஆனால் தங்களைப் போன்றவர்களோடு சேர்ந்து அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். ‘சேர்க்கை சரியில்லை’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, அந்தச் சேர்க்கை அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறது என்பது. அதை யாரும் கேட்பதில்லை.

சரி, ஒதுக்கப்பட்ட பிள்ளை முரடாவதே இல்லையா? ஆவதுண்டு, நிறையவே உண்டு. அது வேறு வகை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் விசாரணைகளில் நடக்கும் பெரிய பிழை என்பது என் கருத்து. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

முதல் வகை, ஒதுக்கப்பட்டுச் சட்டென்று கோபப்படும் பிள்ளை. இந்தக் கோபத்தை கென்னத் டாட்ஜ் என்ற உளவியலாளர் 1980இலிருந்தே ஆராய்ந்து வந்தார். நெரிசலான நடைபாதையில் ஒரு தோள் இடிக்கிறது. தெரியாமல் இடித்ததா, வேண்டுமென்றே இடித்ததா, சொல்ல முடியாது. பெரும்பாலான பிள்ளைகள் ‘தெரியாமல் பட்டிருக்கும்’ என்று போய்விடுவார்கள். சில பிள்ளைகள் உடனே ‘என்னைத்தான் குறிவைத்தான்’ என்று எடுத்துக்கொண்டு திருப்பி அடிப்பார்கள். அடித்ததால் மற்றவர்கள் இன்னும் விலகுவார்கள். விலகியதைப் பார்த்துச் சந்தேகம் இன்னும் கூடும். நண்பன் இருக்கும் பிள்ளைக்கு அந்த நொடியில் ‘விடுடா, தெரியாமல் இடித்திருப்பான், வா’ என்று சட்டையைப் பிடித்து இழுக்க ஓர் ஆள் இருக்கும். இந்தப் பிள்ளைக்கு அது இல்லை. அதன் கோபத்துக்குப் பக்கத்தில் யாருமே இல்லை.

இரண்டாவது வகைப் பிள்ளைக்குக் கோபமே இருக்காது. அது கணக்குப் போட்டு அடிக்கும், கணக்குப் போட்டுக் கேலி செய்யும், யாரை எப்போது மட்டம் தட்டினால் தன் கெத்து ஏறும் என்று அதற்கு நன்றாகத் தெரியும். பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளையாகவும் இருக்கும், உங்கள் முன்னால் மிக மரியாதையாக நிற்கும். ராபர்ட் ஃபாரிஸ், டயன் ஃபெல்ம்லீ என்ற சமூகவியலாளர்கள் வட கரோலினாவில் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான 3,722 மாணவர்களின் நட்பு வலையை வரைந்து 2011இல் ஒரு முடிவு சொன்னார்கள். நட்பு வலையின் ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி ஒரு மாணவர் ஏற ஏற, மற்றவர்களைத் துன்புறுத்துவதும் ஏறுகிறது. உச்சத்தில் இருக்கும் ஏறக்குறைய இரண்டு சதவீதத்தினரிடம் மட்டும் அது இறங்கிவிடுகிறது. உச்சிக்குப் போய்விட்டவருக்கு யாரையும் தள்ள வேண்டிய அவசியமில்லை. அதற்குக் கீழ்ப் படியில் நிற்பவருக்குத்தான் அந்த அவசியம். அதே ஆய்வாளர்கள் பிற்பாடு இன்னொன்றையும் காட்டினார்கள். மேலே ஏறுகிறவர்களே குறிவைக்கப்படுவதும் அதிகம்.

வளரிளம் பருவத்தில் ‘எல்லோருக்கும் பிடித்தவர்’ வேறு, ‘பெரிய ஆள் என்று எல்லோரும் சொல்கிறவர்’ வேறு. இதையும் ஆய்வாளர்கள் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள். இரண்டாமவரைப் பலருக்கு உள்ளுக்குள் பிடிக்காது. ஆனாலும் அவர் எந்தப் பக்கம் சிரிக்கிறாரோ அந்தப் பக்கம் எல்லோரும் சிரிப்பார்கள்.

இப்போது உங்கள் தண்டனைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இந்த இரண்டு வகைக்கும் ஒரே மருந்து. கெத்துக்காக அடித்தவனைக் கோபத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சிக்கு அனுப்புகிறோம். அவனிடம் கட்டுப்படுத்த வேண்டிய கோபம் எங்கே இருக்கிறது? எல்லோர் முன்னாலும் நிறுத்தித் திட்டினால், அவன் தேடிய மேடையை நாமே போட்டுக் கொடுத்ததாகத்தான் ஆகும். தனிமையில் கொதிக்கும் பிள்ளையையோ வீட்டுக்கு அனுப்பி இன்னும் தனிமைப்படுத்துகிறோம்.

ஒதுக்குவது மனிதரை என்ன செய்யும் என்பதற்கு வேய்ன் வார்பர்ட்டன், கிப்ளிங் வில்லியம்ஸ், டேவிட் கெய்ர்ன்ஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. சிலரைப் பந்து விளையாட்டில் சேர்த்து, பாதியில் அவர்களுக்குப் பந்தே போடாமல் விட்டார்கள். அப்புறம் காது கூசும் இரைச்சலைக் கேட்க வைத்தார்கள். சிலருக்கு அந்த இரைச்சலை எப்போது தொடங்குவது என்ற அதிகாரம் கொடுக்கப்பட்டது, சிலருக்கு இல்லை. கடைசியில், காரம் பிடிக்காத ஒரு முன்பின் தெரியாதவருக்கு எவ்வளவு கார சாஸ் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். ஒதுக்கப்பட்டு, அதிகாரமும் இல்லாமல் இருந்தவர்கள் மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் ஊற்றினார்கள். ஒதுக்கப்பட்டும் கையில் கொஞ்சம் அதிகாரம் இருந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஆய்வகச் சோதனையை அப்படியே பள்ளிக்கு இழுத்துவரக் கூடாதுதான். ஆனாலும், ஏற்கெனவே ஒதுங்கியிருக்கும் ஒரு பிள்ளையை ‘நீ பேசாதே, நாங்கள் முடிவு செய்துவிட்டோம்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பும்போது, அந்த இரண்டையும் சேர்த்தே செய்கிறோம். யாருடைய பாதுகாப்புக்காவது உடனே பிரித்து வைக்க வேண்டிய நேரங்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அப்போதும் அந்தப் பிள்ளை எப்போது, எப்படி, யார் துணையோடு திரும்பி வரும் என்பதை அந்தப் பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு வழக்கம் இதைவிட மோசம். ‘பிரச்சினைப் பிள்ளைகள்’ எல்லோரையும் ஒரே அறையில், ஒரே பயிற்சிக்கு, ஒரே முகாமுக்குச் சேர்த்து அனுப்புவது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் திட்டம், சிறுவர்களுக்கு வழிகாட்டி, மருத்துவம், கோடை முகாம் என்று எல்லா நல்லதும் செய்து கொடுத்தது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பார்த்தார். உதவி கிடைத்தவர்களின் வாழ்க்கை, கிடைக்காதவர்களைவிடச் சில விதங்களில் மோசமாக இருந்தது. பிற்பாடு அவர் தாமஸ் டிஷியன், ஃபிரான்சுவா பூலின் ஆகியோரோடு சேர்ந்து 1999இல் எழுதிய கட்டுரையில், கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்களிடம் இந்தக் கெடுதல் குவிந்திருந்ததைக் காட்டினார். டிஷியன் பதின்வயதுப் பையன்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, பேச்சை வீடியோ எடுத்துப் பார்த்தவர். விதி மீறிய கதையை ஒருவன் சொல்ல, மற்றவன் சிரிக்க, உடனே அடுத்த கதை வரும். அந்தச் சிரிப்பு எந்த ஜோடியில் அதிகமோ, அந்தப் பையன்கள் பின்னாளில் தவறுகளில் இறங்குவதும் அதிகமாக இருந்தது. நாம் தண்டனை என்று நினைத்து ஏற்பாடு செய்கிற அறையில் நடப்பதும் இந்தப் பயிற்சிதான்.

விசாரணைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: ‘இரண்டு பேரும் நண்பர்கள்தானே, விளையாட்டுக்குச் செய்திருப்பார்கள்.’ தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். ஃபாரிஸும் ஃபெல்ம்லீயும் காஸி மெக்மில்லனோடு சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், துன்புறுத்தல் யாரோ எவரோ இருவருக்கு இடையில் நடப்பதைவிட, நண்பர்களுக்கு இடையிலும் ஒரே நண்பர் கூட்டத்தைப் பகிர்ந்துகொள்பவர்களுக்கு இடையிலும்தான் அதிகம் நடக்கிறது என்று தெரிந்தது. யோசித்தால் புரியும். ஒரே செட்டில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறவர்கள் அவர்கள்தான். ஒருவரின் பலவீனம் மற்றவருக்குத் தெரியும், ரகசியம் தெரியும். வெளியிலிருந்து வரும் வம்புக்காரனைப் பற்றி ஒரு பிள்ளை வீட்டில் சொல்லிவிடும். நண்பன் செய்வதைச் சொன்னால் அந்த ஒரு நட்பும் போய்விடுமே என்று வாயைத் திறக்காது.

கை படாமல் நடக்கும் முரட்டுத்தனத்தையும் உங்கள் படிவங்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. ‘அவளோடு பேசினால் என்னோடு பேசாதே’ என்று சொல்வது, வதந்தி கிளப்புவது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவரை மட்டும் நீக்கிவிட்டு மறுநாள் வகுப்பில் அந்தக் குழுவில் பேசியதைச் சொல்லிச் சிரிப்பது. நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் இருவரும் 1995இலேயே இதைத் தனி வகை முரட்டுத்தனமாக எடுத்து அளந்தார்கள். இங்கே நட்புதான் ஆயுதம். இது பெண் பிள்ளைகளின் குணம் என்று நினைத்தால் அதுவும் தவறு. 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து நோயல் கார்டும் மற்றவர்களும் 2008இல் எழுதியபோது, மறைமுகத் தாக்குதலில் ஆண், பெண் வித்தியாசம் மிகச் சொற்பமாகத்தான் இருந்தது.

பெரியவர்களான பிறகு இதெல்லாம் மாறிவிடும் என்றும் சொல்ல முடியாது. சிகாகோ நகரத்தில் 2006 முதல் 2014 வரை நடந்த 11,123 துப்பாக்கிச் சூடுகளை, ஒன்றாகக் கைதானவர்களின் வலையோடு பொருத்திப் பார்த்தார் ஆண்ட்ரூ பாப்பக்கிரிஸ்டோஸ், உடன் ஆய்வாளர்களோடு. அவற்றில் 63 சதவீதத்தை, அந்தத் தொடர்புகள் வழியே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியதாக விளக்க முடிந்தது.

இவ்வளவும் கேட்டால் மனம் சோர்ந்துபோகலாம். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. கெடுதல் போகிற வழியிலேயே நல்லதும் போகும். நியூஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில், 24,191 மாணவர்களிடம், சமீபத்தில் நீங்கள் யாரோடு நேரம் கழித்தீர்கள் என்று கேட்டு ஒவ்வொரு பள்ளியின் நட்பு வலையையும் வரைந்தார்கள் எலிசபெத் லெவி பலுக், ஹானா ஷெப்பர்ட், பீட்டர் அரோனோ. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பாதிப் பள்ளிகளில் ஒரு சிறு மாணவர் குழுவைக் கூட்டி, உங்கள் பள்ளியில் சண்டை சச்சரவு எப்படி இருக்கிறது, அதற்கு எதிராக நீங்களே என்ன செய்வீர்கள் என்று அவர்களிடமே விட்டுவிட்டார்கள். 2016இல் வந்த முடிவுப்படி, அந்தப் பள்ளிகளில் மாணவர் மோதல் குறித்த ஒழுங்குப் புகார்கள் ஓராண்டில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. மற்றவர்கள் அதிகமாகப் பெயர் சொன்ன மாணவர்கள் அந்தக் குழுவில் எவ்வளவு அதிகமோ, பலன் அவ்வளவு அதிகம். கவனியுங்கள், அவர்கள் ஆசிரியர் கைகாட்டிய ‘நல்ல பிள்ளைகள்’ இல்லை. உங்கள் கோப்புகளில் பெயர் ஏறியிருக்கும் பிள்ளைகள் சிலரும் அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம்.

பாதிக்கப்படும் பிள்ளைக்கு ஒரே ஒரு உற்ற நண்பர் இருந்தாலே நிலைமை மாறும் என்பதையும் 1999இல் எர்னஸ்ட் ஹாட்ஜஸும் மற்றவர்களும் காட்டினார்கள். உற்ற நண்பர் இல்லாத பிள்ளைகள் மேல் வம்பு நடந்தால், அந்தப் பிள்ளைகளின் கலக்கம் கூடியது, அந்தக் கலக்கமே அடுத்த வம்பைக் கூப்பிட்டது. நண்பர் இருந்த பிள்ளைகளிடம் இந்தச் சுழல் ஏற்படவில்லை. ‘தைரியமாக இரு’ என்று அந்தப் பிள்ளைக்கு அறிவுரை சொல்வதைவிட, யார் பக்கத்தில் உட்கார வைக்கிறோம், யாரோடு ஒரு வேலையைச் சேர்ந்து செய்ய விடுகிறோம் என்று யோசிப்பது பலன் தரும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். புகார்ப் படிவத்தில் ‘அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள்’ என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். சாட்சி சொல்ல மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள். தனித்தனியாக, மிரட்டாமல், அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று பேசுவதற்கும் கூப்பிடுங்கள். சிரித்த பிள்ளையைக் குற்றவாளி ஆக்க வேண்டாம், ஆனால் அந்தச் சிரிப்பு என்ன செய்தது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்கள் கழித்து, நீங்கள் யாரோடு நேரம் கழிக்கிறீர்கள் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் எழுதி வாங்குங்கள். யாரைப் பிடிக்காது என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்தத் தாளே அடுத்த வம்புக்கு விதையாகிவிடும். வாங்கியதை ஆலோசகரும் வகுப்பாசிரியரும் தவிர யாரும் பார்க்கக் கூடாது. யாருமே பெயர் எழுதாத பிள்ளை எது என்று அந்தத் தாள்கள் சொல்லும். எல்லோரும் எழுதிய பெயர் எது என்றும் சொல்லும். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் உங்கள் நேரம் தேவை, வேறு வேறு காரணத்துக்காக.

ஒதுக்கிவைக்கும் தண்டனையைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முரட்டுப் பிள்ளைகளை மட்டும் சேர்த்து வைக்கும் எந்த ஏற்பாடும் வேண்டவே வேண்டாம். மற்ற பிள்ளைகளோடு கலந்த குழுவில், ஒரு பொறுப்போடு சேர்த்துவிடுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளையைக் கிண்டல் செய்து சிரிப்பு வாங்கும் ஆசிரியர் உங்கள் பள்ளியில் இருந்தால், முதலில் அவரிடம் பேசுங்கள். இந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று மொத்த வகுப்புக்கும் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுப்பவர் அவர்தான்.

பெற்றோர் பிரதிநிதிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ‘அவனோடு சேராதே’ என்று எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சொல்லப்படும்போது, அந்த ஒரு பிள்ளைக்கு மிஞ்சுவது, அதே போல் விலக்கப்பட்ட இன்னொரு பிள்ளைதான். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பெரியவர்கள் கண்முன்னால், குறிப்பிட்ட நேரத்துக்கு, ஒரு விளையாட்டிலோ வேலையிலோ சேர்ந்திருக்க விடுவது முடியுமா என்று மட்டும் கூடிப் பேசுங்கள்.

அடுத்த விசாரணைக்கான கோப்பு இப்போதே உங்கள் மேசையில் இருக்கலாம். அதைத் திறப்பதற்கு முன், சம்பவம் நடந்த இடத்தில் நின்றிருந்த பிள்ளைகளின் பெயர்களை வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். விசாரணை அந்தப் பெயர்களிலிருந்து தொடங்கட்டும்.

அன்புடன்,
ஒரு பள்ளி ஆலோசகர்